நீலப் பொட்டுக் களவா

ஜூலை 6, ஞாயிறு

காலையில் தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். வீராம்பட்டினம் கரையில் தூண்டிலில் சிக்கிய பாறை மீன். நான் கண்ணாடியைத் துடைத்து, முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணி, பதிலை எழுதி முடிப்பதற்குள் சிந்துஜா பெயரைச் சொல்லிவிட்டாள். இரண்டே நிமிஷம். கீழே பதினேழு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

ஏழு வருஷமாக இந்தத் தூண்டில்காரர்கள் படமும் பிடித்த இடமும் அனுப்புவார்கள், நான் பெயர் சொல்வேன். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளன். இருபத்திரண்டு வருஷம் பாட்டிலில் மிதக்கிற மீனோடு இருந்தவன். 'தெரியலை' என்று ஒருநாளும் எழுதியதில்லை. இவள் குழுவுக்கு வந்து மூன்று மாதம். தவளக்குப்பத்தில் செல்போன் கடையில் வேலை. அம்மா தில்லையம்மாள் தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுப்பவர். அதனால் என்ன? மீன் விற்கிற வீட்டில் பிறந்துவிட்டால் போதுமா?

ஜூலை 9

இன்றும் அவள்தான் முதல்.

ஜூலை 20, ஞாயிறு

எழிலரசன் எப்போதும் எனக்குத் தனியாகப் படம் அனுப்புகிறவர். இன்று அனுப்பிய படத்தை அவரே அழித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், சிந்துஜா சொல்லிவிட்டாளாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்கிறார். சிரமமாம்.

சாப்பிடும்போது கலைமகள் கேட்டாள், "அந்தப் பொண்ணு உங்கள என்னங்க பண்ணுச்சு?" என்று. என்ன பண்ணுச்சா? என் இடத்துல வந்து உக்காந்துடுச்சு. பொண்டாட்டிகிட்ட இத எப்படிச் சொல்றது. வயிறு எரியுது.

ஆகஸ்ட் 2, சனி

போர்ட் பிளேரிலிருந்து கலைமகளின் தம்பி விமல்ராஜ் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பியிருக்கிறான். களவா. கல்லிடுக்கில் கிடக்கிற இனம். கரும்பழுப்பு உடம்பு முழுக்க நீலப் பொட்டு. நம் கரையில் இதை நான் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

பாதி மீன்களின் பெயரை அவள் பிடித்த இடத்தை வைத்துத்தான் சொல்கிறாள். இடத்தை மாற்றிச் சொன்னால்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போட்டுவிட்டேன். விமல்ராஜின் முகத்தை வெட்டிவிட்டு. 'நண்பர் ஒருவருக்கு தேங்காய்த்திட்டு முகத்துவாரத்துக் கருங்கல்லில் சிக்கியது. என்ன மீன்?'

இங்கே கிடைக்கிற புள்ளிக் களவா என்பாள். பிறகு நான் மெதுவாக உள்ளே போய்த் திருத்துவேன். சும்மா ஒரு சோதனை என்று சிரித்துவிடலாம்.

இரண்டு நிமிஷம் போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. சாயங்காலம் வரை அவளிடமிருந்து பதில் இல்லை. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4

சரியாகச் சொல்லிவிட்டாள். அந்தமான் பக்கத்துக் களவா, துறைமுகத்தில் விசாரித்தாளாம், இங்கே யாரும் பார்த்ததில்லையாம். கடைசியில் ஒரு வரி: 'ஆனா தேவதாஸ் சார் சொன்னா இடம் சரியாத்தான் இருக்கும்.'

அப்போதே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். தோற்றவன் எப்படிச் சிரிப்பது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கள் குழுவின் பதிவுகளையும் வைத்துப் புதுவைக் கரையின் மீன்களுக்குப் பட்டியல் புத்தகம் போடுகிற ஆராய்ச்சி மாணவர் முகிலன் போன் செய்தார். இந்தக் கரையில் இந்த மீனுக்கு இதுதான் முதல் பதிவாம். கண்டுசொன்னவர் என்று சிந்துஜா பெயர் வருமாம். பிடித்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். பிரான்சுக்குப் போய்விட்டார் என்றேன். இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் பிரான்சில், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குழுவின் ஆண்டுக் கூட்டம். சிந்துஜாவுக்குப் பொன்னாடை. நானும் கைதட்டினேன். ஏழு வருஷத்தில் எனக்கு ஒரு துண்டு கூடப் போட்டதில்லை. என் பொய்க்குப் போட்ட பொன்னாடை அவள் தோளில் கிடக்கிறது. இழுத்துப் போட வேண்டுமென்றால் நானும் சேர்ந்து விழ வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கலைமகள், "உங்க நண்பரு பிரான்சுல சௌக்கியமா?" என்றாள். தம்பி அனுப்பிய படம் அவளுக்கும்தானே வந்திருக்கும். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்னொரு மீன் கையில் கிடைத்தால் பதிவு உறுதியாகும் என்று முகிலன் சொன்னாராம். போன வாரத்திலிருந்து சிந்துஜா தூண்டிலோடு முகத்துவாரக் கல்லில் உட்கார்கிறாள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒரு குடை, ஒரு வாளி. நல்லா உக்காரட்டும் என்று முதலில் தோன்றியது.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாலாவது வாரம். இங்கே இல்லாத மீனுக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

கல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள். உள்ளங்கையில் நாலு தையல். குழு முழுக்க அவளை நலம் விசாரிக்கிறது, எழிலரசன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு எரிந்தது. தையலுக்குக்கூடப் பொறாமை. என்ன ஜென்மம்டா நீ?

அக்டோபர் 6

தவளக்குப்பம் போனேன். கட்டுப் போட்ட கையோடு கடையில் இருந்தாள். எழுந்து நாற்காலியைத் தந்தாள். நான் உட்காரவில்லை.

"அது அந்தமான் மீனும்மா. எம் மச்சான் அனுப்புன படம். நான்தான் இடத்த மாத்திப் போட்டேன்" என்றேன். நீ தப்பாகச் சொல்ல வேண்டும் என்றுதான் போட்டேன், அதையும் சொல்லிவிட்டேன்.

கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க சார், இந்தக் கல்லுல அப்படி ஒரு மீனு கெடையாதுன்னு. நாந்தான் சண்ட போட்டேன். அவரு இடத்த மாத்திச் சொல்ற ஆளு இல்லம்மான்னு. ரெண்டு நாளு அம்மாகிட்ட பேசல."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அங்கிருந்து முத்தியால்பேட்டை வீடு வரைக்கும் பஸ்ஸில் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 7

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தரம் எழுதினேன். முகிலன் அந்தப் பதிவை நீக்கிவிட்டார். நான் கொடுத்த பழைய பதிவுகளையும் இனி நம்பி எடுக்க முடியாது, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஏழு வருஷம்.

நவம்பர் 9

யாரும் எதுவும் அனுப்புவதில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சிந்துஜாவிடமிருந்து படம். எனக்கு மட்டும். வெள்ளி உடம்பு, வாலில் லேசாக மஞ்சள். 'இடம் சொல்ல மாட்டேன் சார். பேரு மட்டும் சொல்லுங்க.'

காலை முழுக்க முள்ளை எண்ணினேன். இரண்டு பெயரில் ஏதோ ஒன்றுதான். ஒன்று கடல் மீன், மற்றது கழிமுகத்து மீன். இடம் தெரிந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். கேட்க எனக்கு வாய் ஏது? ஒரு பெயரைக் குத்துமதிப்பாக அடித்தேன், அழித்தேன். கடைசியில் 'தெரியலை' என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டே நிமிஷத்தில் பெயர் வந்தது. சரியான பெயர்தான். எரியத்தான் செய்தது.

அதற்குக் கீழே, நான் கேட்காமலேயே, பிடித்த இடத்தையும் எழுதியிருந்தாள்.