தொடக் கூடாத மண்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓவியக்கூடத்தில் காவல், நிற்பதுதான் வேலையே.

இப்போது இந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய ஓவியக் கண்காட்சி. காதல், காயம் ஆறுவது, நிலம் என்று பக்கத்திலேயே அவர்கள் கவிதைகளும் உண்டு. செலவு ஒரு சுரங்கக் கம்பெனியுடையது. நேற்று ஒரு அம்மா, ஊர் மண்ணைக் குழைத்துத் தானே வரைந்த படத்தைத் தடவினார்.

"தொடக் கூடாதும்மா."

"ஊரையே சுரங்கத்துக்குப் பிடுங்கிட்டாங்க. மிச்சம் இருக்கிற மண்ணு இதுதான். இதையும் தொடக் கூடாதா?"

வெளியே அனுப்பினேன். மேலாளர் தட்டிக்கொடுத்தார்.

கால்வலித் தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நம் வயலைக் கேட்டவர்கள் மறுபடி வந்தால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதையும் சுவரில் மாட்டினால், என்னால் காவல் நிற்க முடியாது.

உங்கள் மகன்