பூட்டிக் கிடக்கும் சரணம்

இன்று காலை கீழ்வேளூர் கடைத்தெருவில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவரின் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் நீ பாடிக்கொண்டிருந்தாய். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயும் நான் எழுந்திருக்கவில்லை.

உனக்கு மகள் பிறந்ததும் நீயே எழுதி, நீயே மெட்டுப் போட்ட பாட்டு. கோயில் திருவிழாக்களுக்குப் போகும் நம் கச்சேரிக் குழுவில் நீ பாடுவாய், நான் கீபோர்டு வாசிப்பேன். அந்தப் பாட்டைச் சென்னையில் ஒரு கம்பெனி வாங்கி, யாரும் நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு, கணினியில் கேட்க விற்றது. "இனிமே எவனும் திருட முடியாதுடி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

கொஞ்ச நாளிலேயே பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் அது ஓடியது. நீ ஆத்திரத்தோடு உள்ளே போனாய். கடைக்காரர் பயப்படவே இல்லை.

"கோவப்படாதீங்கக்கா. பூட்டை நான் தொடவே இல்ல. கம்ப்யூட்டர்ல பாட்டை ஓடவிட்டு, ஹெட்போன் ஓட்டையில வயரைச் சொருகி ரெக்கார்டு பண்ணேன். காதுல விழுற பாட்டுக்கு எப்படிக்கா பூட்டுப் போடுவீங்க?"

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்று பஸ் வரும்வரை அழுதாய். அதற்குப் பிறகு நீ பாட்டே எழுதவில்லை. நோய் வந்தது. குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே போய்விட்டாய்.

கம்பெனியையும் மூடிவிட்டார்கள். உன் கணினியில் பாட்டின் பெயர் தெரிகிறது, நீளம் தெரிகிறது. திறந்தால் கம்பெனியின் அனுமதிக்காகக் காத்து, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அனுமதி கொடுக்க அங்கே யாரும் இல்லை. ஸ்டூடியோவில் இருந்த மூலப்பதிவு வெள்ளத்தில் ஊறிப்போனது. காலேஜுக்குப் போகும் உன் மகள் நினைவு தெரிந்து உன் குரலைக் கேட்டதே இல்லை.

டிரைவரிடம் கேட்டு அந்தத் திருட்டு நகலைப் போனில் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரைச்சலுக்கு நடுவே நீ பாடினாய். கடைசிச் சரணம் தொடங்கும் இடத்தில் சட்டென்று நின்றது. கடைக்காரர் அதுவரைக்கும்தான் எடுத்திருக்கிறார்.

"அப்புறம் என்ன வரும், சித்தி?"

அந்தச் சரணத்தில்தான் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறாய். வரிகளைச் சொன்னேன். மெட்டை வாசித்தும் காட்டினேன்.

"இல்ல சித்தி. அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அது என் காதில் அப்படியே இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தில் சற்றுத் தயங்கி, மூச்சோடு சேர்த்து விடுவாய். அவளுக்காகத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது.