தொப்புளைச் சுற்றிய நீலம்

திருப்புலி நாடு, கொல்லிமலை
20-1-1963

சீமைக்குப் போன தம்பி சென்றாயனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறாயா? ஆட்டுக் கணையத்தை அரைத்துப் பாட்டிலில் அடைக்கவா லண்டன் வரைக்கும் போனான் என்று ஊர்க்கவுண்டர் கேட்கிறார். அது என்ன உறுப்பு, அதில் உனக்கு என்ன வேலை என்று ஒழுங்காக எழுது. எனக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

நேற்று வேட்டையில் பெரிய காட்டுப்பன்றி ஒன்று விழுந்தது. முதல் குண்டு யாருடையதோ அவனுக்குத்தான் தலை, உனக்குத் தெரியாததா? குண்டு என்னுடையது. நம் சின்னத் தம்பி காத்தான், "என்ற குண்டுதான் மொதல்ல பட்டுது, நீ பொய் சொல்றே" என்று நாடே பார்க்கக் கத்தினான். வயிற்றில் ஓங்கி ஓர் உதை விட்டேன். சுருண்டு விழுந்தவன், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். கோபம் தணிந்ததும் தலையில் பாதியைக் கொடுத்தனுப்பினேன். அவன் பெண்டாட்டி கண்ணாயிதான் வாங்கிக்கொண்டாள். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். ரோஷத்தைப் பார்!

உன் அண்ணன்
வெள்ளையன்


லண்டன்
1-2-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

கவுண்டரிடம் இப்படிச் சொல். நாம் தின்னும் கறியைக் கரைக்கும் சரக்கு கணையத்தில்தான் உண்டாகிறது. ஆனால் கணையமும் கறிதானே? கண்ணுக்குத் தெரியாத அதன் அணுக்கள் தங்களையே தின்றுவிடாமல் எப்படித் தப்புகின்றன? அந்தச் சரக்கை ஒரு கொடுவாள் என்று வைத்துக்கொள். அவை அந்தக் கொடுவாளை உறையோடுதான் செய்கின்றன. உறையோடே பைகளில் அடுக்கிக் குடலுக்கு அனுப்புகின்றன. அங்கே காத்திருக்கும் வேறொரு சரக்கு, உறையில் ஒரு துண்டை வெட்டிவிடும். வெளியே வந்த முதல் கொடுவாள் மற்றவற்றின் உறைகளையும் தானே கிழித்துவிடும். அந்த முதல் உறை எப்படிக் கழல்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

கணையத்துக்குள்ளேயே கழன்றுவிட்டால் அது தன்னையே தின்னும். அப்படிச் செத்தவர்களின் வயிற்றை இங்கே பார்த்திருக்கிறேன்.

காத்தானை ஏன் உதைத்தாய்? உனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. நாளைக்கே போய் அவனைச் சமாதானம் செய். நான் ஊரில் இருந்தால் உன்னைத்தான் நாலு கேட்டிருப்பேன்.

அன்புத் தம்பி
சென்றாயன்


திருப்புலி நாடு
12-2-1963

சென்றாயா,

சமாதானம் செய்ய ஆள் இல்லையடா. காத்தான் செத்துவிட்டான். உன் கடிதம் வருவதற்கு முன்பே புதைத்துவிட்டோம்.

வேட்டைக்கு மறுநாள் வயிற்றுவலி என்றான். படுக்க முடியவில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான். வலி முதுகைத் துளைக்கிறது என்று அலறினான். பச்சை பச்சையாக வாந்தி. சாகும்போது தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. தொப்புள் நீலமானால் விஷம்தான். நம் மலையில் குழந்தைக்கும் தெரியும். அவன் கடைசியாகத் தின்றது கண்ணாயி ஆக்கிய சோறு. அவள் மனசு குண்டனி நாட்டில் வேறொருவன்மேல் இருந்ததாக ஊர் பேசுகிறது.

முடியைப் பிடித்து இழுத்து வந்தேன். "பெரிய மாமா, நான் சோறுதானுங்க போட்டேன், நானும் அதையேதானுங்க தின்னேன்" என்றாள். உலக்கையால் அடித்தேன். அவள் வலக்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பட்டியில் மாடுகளோடு கட்டிப் போட்டிருக்கிறேன். பங்குனி அமாவாசைக்கு, நம் நாட்டு ஊர்களெல்லாம் கூடி வழக்குத் தீர்க்கும் நாட்டுக் கூட்டம். கூட்டம் என்ன சொன்னாலும் சரி, அன்று அவள் கழுத்தை வெட்டுவேன். காத்தான் குழிமேல் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

நீ தனியாக உட்கார்ந்து அழாதே, கண்ணு.

உன் அண்ணன்
வெள்ளையன்


லண்டன்
23-2-1963

அண்ணா,

முதலில் கண்ணாயியை அவிழ்த்துவிடு. மீதியை அப்புறம் படி.

அந்த நீலம் விஷமில்லை, இரத்தம். குனிந்தே உட்கார்ந்திருந்தது, முதுகைத் துளைத்தது, வாந்தி எல்லாமே கணையம் தன்னைத் தின்றதன் அடையாளம். நீ எழுதியதை இங்குள்ள அறுவை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். "வயிற்றில் அடி பட்டதா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பலமாக அடி பட்டால் கணையம் முதுகெலும்பில் நசுங்கிக் கிழியும். உறைகள் அங்கேயே கழன்றுவிடும். பிறகு ஒன்றை ஒன்று அவிழ்த்துவிட்டுக்கொண்டு, கணையம், கொழுப்பு, இரத்தக் குழாய் என்று தின்றுகொண்டே போகும். கசிந்த இரத்தம் தொப்புள் பக்கம் வந்து நீலமாகத் தெரியும். உடலை அறுத்துப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் மனசில் சந்தேகமில்லை. காத்தானைக் கொன்றது உன் உதைதான், அண்ணா. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் செத்துப் பிழைத்தேன்.

இன்னொன்று. இதையே ஊர்க்கவுண்டருக்கும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நீ இதை அடுப்பில் போட்டுவிட்டால் கண்ணாயிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என்னை மன்னித்துவிடு.

தம்பி
சென்றாயன்


திருப்புலி நாடு
10-3-1963

சென்றாயனுக்கு,

இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன இடத்தில் உன் கடிதம் கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே படித்தேன். மிளகு மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு மலையேறினேன். கண்ணாயியை அவிழ்த்தேன். ஊரைக் கூட்டி, கோயில் முன்னால் நின்று உன் கடிதத்தை நானே உரக்கப் படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. பிறகு கொடுவாளை அவளுடைய நல்ல கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். யாரும் தடுக்கவில்லை. வெட்டு வலத் தோளில் இறங்கியது. மறுபடி ஓங்கியவள் அதை வீசி எறிந்துவிட்டாள். "உன்ற சாவு எனக்கெதுக்கு? என்ற ஊட்டுக்காரனைக் குடு" என்றாள். மாமா என்ற சொல்லே வரவில்லை.

காத்தான் நிலத்தோடு என் பங்கையும் அவளுக்கு விட்டுவிட்டேன். நாளைக்கு மலையிறங்கிப் போலீசில் சொல்லப் போகிறேன்.

கவுண்டருக்கு நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தம்பியைக் கொன்றவன் என்று எழுதினாய், உண்மை, தாங்கிக்கொண்டேன். ஒரு பெண்ணைப் பலி கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்வேன் என்று நினைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்ததைப் பார்த்தால் நீ நினைத்தது நியாயமாகக்கூட இருக்கலாம். இருக்கட்டும்.

இனி எனக்குக் கடிதம் போடாதே. கண்ணாயி பெயருக்குப் போடு. கவுண்டர் படித்துக் காட்டுவார். அவள் கை கோணலாகக் கூடியிருக்கிறது. அதை நேராக்க எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுது. அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே.

வெள்ளையன்