ஈர மணலில் தங்கையின் மோதிரம்

மார்ச் 3
தங்கையின் நிச்சயதார்த்த மோதிரம் கடற்கரையில் தொலைந்துவிட்டது. குடைக்கடியில் உட்கார்ந்திருந்தபோது கழன்று காய்ந்த மணலில் விழுந்ததாம். அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். தங்கை அழவே இல்லை. அதிர்ச்சியோ?

என் கணவர் ஆசையாக வாங்கி, அலுத்துப்போய்ப் பரண்மேல் போட்ட மெட்டல் டிடெக்டரை இறக்கினேன். நாளெல்லாம் காது பரிசோதனை அறையில் விதவிதமாகச் சத்தம் போட்டு, "கேக்குதா? இப்ப?" என்று கேட்பவள் நான். எனக்கா இது வராது?

மார்ச் 4
பாட்டில் மூடிகள், துருப்பிடித்த சாவி, இடுப்பு வலி.

மார்ச் 6
மூடி, தகடு எல்லாவற்றையும் ஒதுக்கும்படி மெஷினை வைத்தேன். அப்பாடா, என்ன அமைதி! பிறகு ஒரு சந்தேகம். என் மோதிரத்தையே புதைத்து, மேலே ஆட்டிப் பார்த்தேன். மெஷின் மூச்சுவிடவில்லை! மெல்லிய மோதிரமும் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் பக்கத்துப் பக்கத்து எண்கள். குப்பையை ஒதுக்கினால் தங்கமும் போய்விடும். இனி இரும்பை மட்டும் ஒதுக்குவது.

"அப்ப ஊர்க் குப்பையெல்லாம் நீதான் தோண்டணும்," என்றார் கணவர்.

தோண்டுகிறேன்!

மார்ச் 9
காய்ந்த மணலைச் சல்லடை போட்டாயிற்று. இல்லை. கடற்கரைக் காவலர் — விசிலாலேயே பேசுவார், எனக்கு அவர் விசில்காரர் — பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "உங்க தங்கச்சி இங்க உக்காரவே இல்லையேம்மா. அதோ, அங்க தண்ணியில நின்னாங்க. அவ்ளோ விசில் அடிச்சும் திரும்பிப் பாக்கல."

அம்மா வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் கேட்டேன். "அவரு வேற யாரையாவது பாத்திருப்பாரு," என்றாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு.

மார்ச் 10
ஈர மணலில் மெஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒன்றுமில்லாத இடத்திலும் கத்துகிறது. உப்புத் தண்ணீரையே உலோகம் என்று நினைக்கிறதாம். சென்சிடிவிட்டியைக் குறைத்தேன். மெஷினின் நுனியில் இருக்கும் வட்டைத் தூக்கித் தூக்கி இறக்கி, அலறல் அடங்கும்வரை குமிழைத் திருகினேன். ஆழத்தில் கிடப்பது தெரியாது, போகட்டும். இனி மெதுவாக ஆட்ட வேண்டும்.

மார்ச் 12
கிடைத்துவிட்டது! கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. எந்தப் பக்கமிருந்து ஆட்டினாலும் மாறாத, சின்னச் சத்தம். விசில்காரர் காட்டிய இடத்தைத் தாண்டி வெகு தூரத்தில். அவ்வளவு தூரம் எப்படி…

தங்கையின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரலை மடக்கவில்லை.

"எதுக்குக்கா தேடின?"

"தொலைஞ்சுதுன்னு நீதானேடி சொன்ன?"

"தொலையட்டும்னுதான் எறிஞ்சேன். வேலையை விடச் சொன்னாரு, விட்டேன். தெனம் என் ஃபோனை வாங்கிப் பாக்குறாரு. கல்யாணத்துக்கு அப்புறம் உன் வீட்டுக்கு வரக்கூட அவர்கிட்ட கேட்டுட்டுதான் வரணுமாம்."

அடிப்பாவி, என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?

மார்ச் 13
அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

மார்ச் 15
மோதிரத்தை மாப்பிள்ளை வீட்டில் திருப்பிக் கொடுக்கத் தங்கை தனியாகக் கிளம்பினாள். "இருடி," என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 5
ஞாயிறு. காலையிலேயே தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். "பசிக்குதுக்கா." சாப்பிட்டாள், நாளைக்குப் புது வேலையில் சேர வேண்டும் என்றாள், அப்படியே சோபாவில் சாய்ந்தாள். மத்தியானமாகிறது, இன்னும் தூங்குகிறாள். யாரும் எழுப்பவில்லை.