கொடைக்கானல் கை

இன்று காலை உன் கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துவிட்டார்கள். கூடைப்பந்துகள் எங்கே என்று தேடினேன். மூலையில் ஒரு சணல் சாக்கு சாய்ந்து கிடந்தது. வாய்க்கட்டை அவிழ்த்ததும் குப்பென்று பூண்டு வாசம். உன் ஊர் கவுஞ்சியிலிருந்து உங்கள் வீட்டுப் பூண்டு வந்த சாக்கிலேயே பந்துகளைப் போட்டு வைத்திருக்கிறாய். கல்லூரி வாங்கிக் கொடுத்த நல்ல வலைப்பை, மடிப்புக்கூடக் கலையாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல். செத்துப்போன பிறகும் ஓர் அறை முழுவதையும் உன்னுடையதாக வைத்துக்கொள்ள உன்னால் முடிகிறது பார்.

நான் ஏன் மலையேறி வந்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும். உங்கள் பிரின்சிபால் போன் செய்து, "பிள்ளைங்க பிராக்டிஸுக்கே வரமாட்டேங்குதுங்க மேடம். இந்த சீசன் முடியிற வரைக்கும் நீங்க வந்து பாத்துக்கங்க, இல்லைன்னா டீமை வாபஸ் வாங்கணும்" என்றார். பழனிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தவள் நான். சரி என்றேன். உன் மேலுள்ள பாசத்தில் வந்திருக்கிறேன் என்று எல்லோரும் நெகிழ்கிறார்கள். நெகிழட்டும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், என் கையை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தேன்.

கை என்றால் நிஜமாகவே கைதான். மதுரையில் நாம் படித்தபோது நான் ஆடுகிறவள், நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள். எனக்கு ஒரு வருடம் இளையவள். மதுரை வெயிலுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்து இறங்கிய ஒரே பெண் நீதான். ஊரில் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள், அதனால் போட்டுக்கொண்டேன் என்றாய். டீமில் எடுத்தார்கள், ஆனால் ஆட விடவில்லை. நீ முகம் சுளிக்கவும் இல்லை. நான் பந்து போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். "நீங்க போடுறத பாத்தாப் போதும்க்கா, நான் ஆடுன மாதிரிதான்" என்பாய். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. என் வாழ்நாளில் என்னை அப்படி வேறு யாரும் பார்த்ததில்லை, கட்டிக்கொண்டவர் உட்பட.

நீ பார்த்தது என்ன தெரியுமா? பழனி அடிவாரத்தில் சின்ன வயதில் நான் குதிரை வண்டியிலிருந்து விழுந்து முழங்கை உடைந்தது. எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. வீட்டில் இதை வெளியே சொல்லவே கூடாது என்றார்கள், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்களாம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பந்து போடும்போது மற்றவர்களுக்கு முழங்கை ரிங்கைப் பார்த்து நேராக நிற்கும். எனக்கு வெளிப்பக்கம் விரிந்து நிற்கும், பந்து நெற்றிக்கு நேரே கிளம்பாமல் காதோரமாகக் கிளம்பும். அந்தக் கோணலை வைத்துக்கொண்டு விடிய விடியப் பழகி, பந்தை உள்ளே விழவைக்கக் கற்றேன். அது ஸ்டைல் இல்லை. எனக்கு வேறு வழி இல்லை.

படிப்பு முடிந்து நான் பழனியில் கோச் ஆனேன், நீ இங்கே கொடைக்கானலில் ஆனாய். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? என் மைதானம் தைப்பூசம் வந்தால் பக்தர்களின் பஸ் நிறுத்தும் இடமாகிவிடும். பஸ்கள் போன பிறகு ஒரு வாரம் ஆயில் கறையைக் கழுவிக்கொண்டிருப்போம். உனக்கோ ஏரிக் காற்றும் பைன் மரமும். பிறந்ததிலிருந்து மேட்டுத் தோட்டங்களில் முட்டைக்கோஸும் கேரட்டும் சுமந்து ஏறியிறங்கிய பிள்ளைகள் உனக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்குவது என்றால் என்னவென்றே தெரியாது. என் பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸின் ஜன்னல் வழியே வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வருவார்கள். நீ வாசலில் நின்று, "பாவம் வாடிப்போயிருக்குதுங்க, வெரசா உக்காந்து சாப்பிடுங்கடி" என்று சுடச்சுடச் சோறும் கேரட் சாம்பாரும் பரிமாறுவாய். வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளைகள் எப்படி ஓடும்? அன்பா தந்திரமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகள் ரயில்வேக்குப் போனார்கள், போலீஸுக்குப் போனார்கள், பொங்கலுக்குப் பொங்கல் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என் பிள்ளைகள் எனக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புவார்கள். இங்கே டாக்ஸிக்காரரிலிருந்து காய்கறி மண்டிக்காரர் வரை எல்லோருக்கும் நீ கோச்சம்மா. பழனியில் நான் வருடக்கணக்காகப் பஞ்சாமிர்தம் வாங்கும் கடைக்காரர், "டீச்சருக்கு எந்த ஸ்கூலு?" என்று இப்போதும் கேட்கிறார். நெஞ்சு வலிக்கிறது என்று உன்னை வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குக் கொண்டுபோகும்போது பாதி மலையிலேயே நீ போய்விட்டாய். சேதி கேட்டு ஓடிவந்தேன். கவுஞ்சியில் உன் வீட்டுக்குப் போகும் பாதை முழுக்க, காக்கிச் சட்டை போட்டவர்களும் போடாதவர்களுமாக உன்னிடம் ஆடிய பெண்கள் நின்றிருந்தார்கள். உன்னைப் பார்க்க நான் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அழுதேன். அழுதுகொண்டே அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமையும் பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கைக்கு வருகிறேன். உன் டீமோடு என் டீம் முதன்முதலாக ஆடிய அன்று, உன் பிள்ளை ஒருத்தி பந்து போட்டாள். முழங்கை வெளியே விரிந்து நின்றது. பந்து காதோரமாகக் கிளம்பியது. யாரோ சரியாகச் சொல்லித்தரவில்லை என்று நினைத்தேன். அடுத்தவள் போட்டாள். அவளுக்கும் அதே கை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவளுக்கும் அதே கை. மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் ரெஃப்ரீகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உன் டீம் உள்ளே நுழைந்தாலே, "இந்தா வந்திருச்சில்ல, கொடைக்கானல் கை!" என்பார்கள். என் உடம்புக்குள் இருக்கும் ஒரு கோணல் எலும்புக்கு உன் ஊர்ப்பெயர்.

ஆட்டம் முடிந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்டேனே, நினைவிருக்கிறதா?

"ஏண்டி, இதுகளுக்கெல்லாம் முழங்கை ஏன் இப்பிடி வெளிய நிக்குது?"

"நீங்க போடுற மாதிரிதானக்கா. உங்களப் பாத்துத்தான நான் பழகுனேன்? எனக்கு வர்றதத்தான சொல்லிக் குடுக்க முடியும்?"

"அடிப்பாவி, அது ஒடஞ்ச கைடி! வண்டியில இருந்து விழுந்து கோணலாக் கூடுன கை. அதைப் போயி ஊருக்கே சொல்லிக் குடுத்திருக்கியே!"

நீ ஒரு கணம் என்னையே பார்த்தாய். அப்புறம் சிரித்தாய் பார், டீ மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை. நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் நீ, "போகட்டும்க்கா, இப்ப மாத்துனா இதுக குழம்பிப் போகும். பந்து உள்ள விழுதுல்ல?" என்றாய்.

"அப்ப அது யாரு கைன்னாவது அதுகளுக்குச் சொல்லு."

"சொல்லாம இருப்பனாக்கா?"

நீ சொல்லவில்லை. ஒவ்வொரு முறை மலைக்கு வரும்போதும் யாராவது ஒருத்தியைப் பிடித்து, இப்படிப் போட யார் கற்றுக்கொடுத்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்பேன். "எங்க கோச்சம்மா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். மறந்தாயா, வேண்டுமென்றே சொல்லவில்லையா? உன் பெயர் எனக்கு வேண்டாம், உன் கூட்டம் வேண்டாம். அந்தக் கை என்னுடையது என்று உன் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னால் போதும் என்றிருந்தது.

இன்று மதியம் பிள்ளைகள் வந்தார்கள். வரச்சொன்னதற்காக வந்து நின்றார்களே தவிர, மனது வரவில்லை. கேப்டன் செல்வராணி உன் ஊர்க்காரி, பூண்டுக் காட்டிலிருந்து நேராக வந்தவள்போல் இறுகிப்போய் நின்றாள். பந்து போடச் சொன்னேன். போட்டார்கள், அத்தனை பேரும் என் கையால். எனக்குப் பொறுக்கவில்லை.

"முழங்கைய உள்ள கொண்டு வாங்க. நேராப் போடுங்க."

"மாத்த மாட்டோம் மேடம்" என்றாள் செல்வராணி. குரலில் மரியாதை குறையவில்லை. "எங்க கோச்சம்மா குடுத்த கை இது."

அவ்வளவுதான். சுடிதார்க் கையைச் சுருட்டி மேலே ஏற்றி, முழங்கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். வண்டியைச் சொன்னேன், வைத்தியரைச் சொன்னேன், பெஞ்சில் உட்கார்ந்து நீ பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். வருடக்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததால் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பயந்து பயந்து, "அப்ப கோச்சம்மாவுக்கும் கை ஒடஞ்சிருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள். இன்னொருத்தி அவள் காதில், "சும்மா இருடி. கோச்சம்மா போனதுல மேடத்துக்கு மனசு சரியில்ல" என்றாள். எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

பந்தைப் பிடுங்கிக்கொண்டு கோட்டில் போய் நின்றேன். பந்து போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. தோள்பட்டை ஏறவே மறுத்தது. முழங்கை மட்டும் தன்பாட்டுக்கு வெளியே விரிந்துகொண்டது. போட்டேன். பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே இறங்கியது. உனக்குத் தெரியும் எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று. இப்போது என்ன சொல்வீர்கள் என்று திரும்பினேன்.

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "அடியே... அப்படியே கோச்சம்மாடி!" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அழத் தொடங்கிவிட்டாள். எல்லோரும் என்னை நெருங்கி வந்தார்கள்.

"மேடம், நீங்க எப்ப எங்க கோச்சம்மாகிட்ட கத்துக்கிட்டீங்க?"

வாயைத் திறந்தேன். கத்தியே இருப்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைகள் எங்கெங்கோ தேடியது அங்கே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நீ பார்ப்பாயே, அதே பார்வை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் கைக்கு மறுபடி கிடைத்திருக்கிறது, உன் பெயரில்.

"இன்னொரு தடவ போடுங்க மேடம்" என்றாள் செல்வராணி.

போட்டேன். விழவில்லை. யாரும் சிரிக்கவில்லை, பந்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார்கள். மறுபடி போட்டேன். பனி இறங்கி ரிங் கண்ணுக்கு மறையும்வரை, உன் பிள்ளைகளுக்காக, நீயாக நின்று போட்டுக்கொண்டிருந்தேன். நாளை காலை வெள்ளனவே பிராக்டிஸுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கையை நேராக்கப் போவதில்லை, அது யாருடையது என்று இனிச் சொல்லப் போவதுமில்லை. கையை நீயே வைத்துக்கொள். இந்தப் பொறாமை மட்டும் என்னுடையது, இதை உனக்குத் தரமாட்டேன்.