தவுக்கே வேண்டாமென்ற பட்டாம்பூச்சிகள்

என் ஆசை அண்ணனுக்கு,

ஈப்போவில் வெயில் தாங்கவில்லை. பொழுது சாய்ந்தாலும் சுவரில் சூடு இறங்குவதில்லை. எழுத உட்கார்ந்தாலே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்ய மனசு வரவில்லை.

உன் தகரப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ரப்பர் மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்ததும் வலையோடு ஆற்றுக்குப் போவாய். மணலில் இறால் பெலாச்சானைக் கரைத்து ஊற்றிவிட்டு, அந்த நாற்றத்துக்குப் பட்டாம்பூச்சி இறங்கும்வரை அசையாமல் குந்தியிருப்பாய். பிடித்ததை நான் பழைய பேப்பரில் முக்கோணமாக மடித்து வைப்பேன். கண்ணாடிச் சட்டம் போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்கும் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, பெரியதை எடுத்துக்கொள்வார். மிச்சத்தை, சின்னது, வேண்டாம் என்று விரலால் ஒதுக்குவார். "கெச்சில், தம்பி. தா மாவ்."

ஒதுக்கியதைத்தான் பெட்டியில் போட்டு என் கல்யாணத்துக்குக் கொடுத்தாய். அண்ணிக்கு அம்மாவின் தோடு, எனக்குக் கழித்துப்போட்டது. "அழகா இருக்கேன்னுதான் கொடுத்தேன் புள்ள" என்றாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தெரியும்தானே?

போன மாதம் மருமகளின் தோழி கவிதா வந்தாள். யூனிவர்சிட்டியில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறவள். பெட்டியைத் திறந்து றெக்கைகளை ஒவ்வொன்றாக அளந்தாள்.

"பாட்டி, இதே சாதியத்தான் மலையடியில அளந்துட்டு வாரேன். இதெல்லாம் அதவிடப் பெருசுலா."

"செத்துக் காஞ்சது சுருங்கியிருக்காதா?"

"றெக்கை சுருங்காது பாட்டி."

"இது கழிச்சுப்போட்டதும்மா."

"கழிச்சதே இவ்ளோவா?"

சூடு கூடினால் சில சாதிப் புழு அவசரமாக வளர்ந்து, உடம்பு பெருக்குமுன்னே கூட்டுக்குள் போய்விடுமாம். அதனால் பூச்சியும் சின்னதாகிவிடுமாம். "ஆனா ஒரு பெட்டிய வெச்சு முடிவு சொல்ல முடியாது பாட்டி. எங்க பிடிச்சது? அதே எடத்துல திரும்ப அளந்தாத்தான் தெரியும்."

நான் பெட்டியை மூடி எடுத்து வைத்தேன். அந்த இடத்தை யாருக்கும் காட்டமாட்டேன் என்று அம்மா தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாயே. வலை தூக்கித் திரிந்த மற்றவர்கள் கேட்டால் தாப்பா ரோடு என்று பொய் சொல்வோம். உன் சாவு வீட்டில்கூட உன் கூட்டாளி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இப்பவாவது சொல்லு தங்கச்சி" என்றார். "தாப்பா ரோடுதான்ண்ணே" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இனி யாரிடமிருந்து மறைக்கிறோம்? ரப்பர் தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய்ச் செம்பனை. கேட்ட ஆட்கள் எல்லாரும் உன் பின்னாலேயே வந்துவிட்டார்கள். நீ பிடித்த பெரியதெல்லாம் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறதோ. கழித்துப்போட்டது மட்டும்தான், முன்னே எப்படி இருந்தது என்று காட்ட மிஞ்சியிருக்கிறது. அதுவும் இடம் தெரியாவிட்டால் வெறும் குப்பைதானே அண்ணே?

சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போகிறேன். அவள் கொல்லமாட்டாள், அளந்து விட்டுவிடுவாளாம். முழங்கால் ஒத்துழைக்காது, மெதுவாக நடப்பேன். அவளுக்குக் காட்டுவதோடு சரி. ஆற்றின் பேரை இந்தக் கடிதத்தில்கூட எழுதவில்லை, பார். வேறு யாருக்கும் சொல்லமாட்டேன். இந்த முறை கை வைக்க அம்மாவின் தலை இல்லை. என் வாய்ச்சொல்லை நம்பு.

கோபம் தீராத உன் தங்கச்சி,
மாரியம்மா