மைன்சாவின் கடிகாரத்துக்குப் பேட்டரி

அக்டோபர் 9, புதன்

காலையில் என் கணவர் மைன்சாவின் கைக்கடிகாரம் நின்றுவிட்டிருக்கிறது. நான் பள்ளியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. நடுக்கவாதத்துக்கான பத்து மணி மாத்திரையை அவர் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால், சமையலறை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். கால் பெயரவில்லை.

"எவ்வளவு நேரமா இப்படி நிக்கறீங்க?"

"கடிகாரம் நின்னுபோச்சு" என்றார்.

மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்யும்வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 10, வியாழன்

பஸ் நிலையத்தருகே குடைக்கடியில் ஒருவன் பேட்டரி மாற்றித் தருகிறான், கொண்டுபோகிறேன் என்றேன். வேண்டாமாம். ரயிலில் கார்டாக இருந்த காலம் முழுக்க அவர்தான் மாற்றிக்கொண்டார், இப்போது மட்டும் எதற்கு அடுத்தவன்? பேட்டரியை மட்டும் நான் வாங்கி வந்தால் போதுமாம்.

பேட்டரி நம்பர் தெரிய வேண்டுமே என்று பின்மூடியைத் திறக்க உட்கார்ந்தார். அந்த நடுங்கும் கையில் வெங்காயக் கத்தி. பார்க்க முடியாமல் குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடி திறந்திருந்தது, கட்டைவிரலில் சிறிய கீறல். "377" என்றார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி.

அவர் ஃபோனில் அலாரம் வைத்துத் தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். "நான் நோயாளின்னு தெரு முழுக்க மணியடிக்கணுமா?" என்றார். இந்தக் கபுவே ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

அக்டோபர் 12, சனி

மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டேன். பேட்டரி ஒரு பச்சைப்பயறு அகலம்தான். அதைக் குழிக்குள் சாய்த்து இறக்கி, மேலே ஒரு கம்பி நாக்கை மடக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் கை குழிக்கு மேலே வந்ததும் ஆட ஆரம்பிக்கிறது. மடியில் கிடக்கும்போதுகூட அவ்வளவு ஆடுவதில்லை. பேட்டரி தெறித்து விழும். குனிந்து தேடிக் கொடுப்பேன். மறுபடி தெறிக்கும். ஒருமுறை வாசலுக்கே உருண்டுவிட்டது. கோழி கொத்துவதற்குள் ஓடினேன். தட்டில் ஒரு துணியை விரித்து வைத்தேன், விழுந்தாலும் அதிலேயே கிடக்கட்டும் என்று. அவர் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

நான் போடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ? தெரியவில்லை.

கடைசியில் கையை மேசைக்கடியில் தொங்கப் போட்டுக்கொண்டு, "வெளிச்சம் பத்தல" என்றார். வெளியே அக்டோபர் வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது.

"ஆமா, பத்தல" என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தேவாலயத்துக்குத் தனியாகத்தான் போனேன். அவர் எங்கே என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மைன்சாவின் தம்பி மிலிமோ மோன்சேயிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே மேசையில் திறந்து கிடந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "என்ன அண்ணி, அண்ணனைக் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இதுதான் கட்டி மேய்க்குது, அதைப் போய்ப் பட்டினி போட்டுட்டீங்களே" என்றார். நான் வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன். அதற்குள் கையில் எடுத்துவிட்டார். பல் குச்சியால் ஒரு அழுத்து, விரலால் மூடியில் ஒரு அமுக்கு. என் கையிலிருந்த கஞ்சிக் குவளையைக் கீழே வைப்பதற்குள் முள் ஓடியது.

மைன்சா நன்றி சொன்னார். சிரிக்கவும் செய்தார். தம்பியே மணிக்கட்டில் வாரைக் கட்டிவிட்டார். மிலிமோ பஸ் ஏறும்வரை எல்லாம் சரியாக இருந்தது.

அக்டோபர் 21, திங்கள்

கடிகாரம் மறுபடி மேசைமேல் கிடக்கிறது. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம்.

அவரேதான் கழற்றியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மூன்றையும் வாரிக் கிணற்றில் போட்டிருப்பேன். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து மாத்திரை வாங்கி, இந்த மனுஷன் ஒரு வீம்புக்காக... என்னதான் பண்றது நான்? யார்கிட்ட சொல்றது? ந்தோலாவில் இருக்கிற மகள் லுயாண்டோவுக்கு ஃபோன் செய்தேன். அவள் நர்ஸ். அவளாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "அப்பாவை விடும்மா" என்றாள். விடுவதென்றால் எதை விடுவது? அதை அவள் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

சுதந்திர தினம், பள்ளி விடுமுறை. பக்கத்து வீட்டில் காலையிலிருந்து பாட்டு. இவர் மேசையிலேயே இருக்கிறார். இன்று தானாகவே துணியை விரித்துக்கொண்டார். பத்து மணி மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை அடங்கும் அல்லவா, அதற்காகக் காத்திருந்து தொடங்கினார். பேட்டரி உள்ளே போய்விட்டது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி நாக்கை மடக்கும்போது குச்சி வழுக்கி, பேட்டரி மேலே எழும்பிக் கவிழ்ந்தது.

"நீ பார்க்கறதாலதான் ஆடுது" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

எழுந்து போய்க் கீரை ஆய்ந்தேன். ஏற்கெனவே ஆய்ந்து வைத்த கீரை.

நவம்பர் 4, திங்கள்

முதல் மழை. பள்ளியிலிருந்து வரும்போது தெருமுனையில் ஒரு சிறுமி, "டீச்சர், உங்க வீட்டு ஐயா மழையில நின்னுட்டிருக்காரு, கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு" என்றாள். ஓடினேன்.

சோளம் ஊன்ற வெட்டி வைத்த வரப்புகளுக்கு நடுவே நின்றிருந்தார். மழை வரும் நேரம் அவருக்குத் தெரியும், கடிகாரம் இல்லாமல் மாத்திரை நேரம் தெரியவில்லை. முழங்கால்வரை சேறு. வேலிக்கு வெளியே இரண்டு பேர், குடித்திருக்கிறார் போல என்று பேசிக்கொண்டு போனார்கள்.

கால் ஒட்டிக்கொண்டால் நான் என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைப்பேன். அதைத் தாண்டுவதற்காகக் கால் தானாக எழும். இன்று எழவில்லை. மாத்திரையை வாயில் போட்டு மழைநீரோடு விழுங்கவைத்தேன். இழுக்கப் பார்த்தேன், இரண்டு பேரும் விழப் போனோம். யாரையாவது கூப்பிடுகிறேன் என்றால் தலையாட்டி மறுத்தார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மழை ஓயும்வரை நின்றேன். அவர் அழுதாரா? முகமெல்லாம் தண்ணீர், தெரியவில்லை. நான் அழுதேன்.

நவம்பர் 5, செவ்வாய்

லீவு போட்டேன். அவருக்குக் காய்ச்சல். இந்த முறை பொய்யில்லை.

நவம்பர் 9, சனி

காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி குடித்ததும் கடிகாரம் இருந்த தட்டை அவரே என் பக்கம் நகர்த்தினார். "லுயாண்டோ அம்மா, நீ போடு."

எனக்கும் வரவில்லை. இதையாவது இங்கே ஒப்புக்கொள்கிறேன், விரலெல்லாம் வியர்த்து, எனக்கும் இரண்டுமுறை தெறித்தது. அவர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. "எழுத்து இருக்கற பக்கம் மேல. முதல்ல சாய்ச்சு விடு. இப்ப நாக்க மடக்கு. அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குரல் துளியும் நடுங்கவில்லை. நாக்கு மடங்கியது. மூடியைத் துணியில் கவிழ்த்து வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினேன், டக் என்று உட்கார்ந்தது. ஃபோனைப் பார்த்து மணியைத் திருத்தினேன்.

கட்டிவிடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"உன் கையில இருக்கட்டும். இனிமே நேரத்த நீ பாத்துக்க."

எத்தனை நாளாய் இந்த வார்த்தைக்கு ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது வேண்டாமே என்றிருந்தது. சரி என்று வாங்கிக்கொண்டேன். நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?

நவம்பர் 11, திங்கள்

கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கடிகாரம் முழங்கைவரை நழுவிப் போகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

பத்து மணிக்கு வெளியே வந்து ஃபோன் செய்தேன். உடனே எடுத்தார்.

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?"

"கையில வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு, "போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

என் புருஷன் என்னிடம் இதுவரை எதற்கும் இப்படிக் கேட்டதில்லை.

"போட்டுக்குங்க" என்றேன். வகுப்பில் சத்தம் கூடிக்கொண்டே போனது. உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.